ஒரு கரண்டி தேன்

முதலில் எலும்பு என்றுதான் நினைத்தேன்.
ஞாயிறு இரவு பதினொன்றரை.
லொட்டே கழுத்தை நீட்டி
எதையோ வெளியே தள்ளப் பார்த்து
கொஞ்சம் வெள்ளை நுரையை
விரிப்பில் விட்டது.
வாயைப் பிளந்து, கைப்பேசி வெளிச்சத்தில்
இரண்டு விரலை விட்டுத் துழாவினேன்.
எலும்பில்லை. சூடு, ஈரம்.
முடியும்வரை அசையாமல் நின்றுவிட்டு
என் விரலை நக்கியது,
தப்பு தன்னுடையது என்பதுபோல.

திங்களன்று துயிஸ்க்.
செவ்வாய் விடியுமுன் கிரப்பு.
புதன்கிழமைக்குள் இருட்டிலேயே
ஆளைச் சொல்லத் தெரிந்துவிட்டது எனக்கு:
துயிஸ்க் என்றால் கிணற்றுச் சுவரில் மோதும் வாளி.
கிரப்பு, யாரோ நாற்காலியை இழுப்பது.
லொட்டே அசல் காட்டுவாத்து,
அக்டோபரில் எங்கள் தீவைக் கடந்து
தெற்கே போகிறதே, அதே குரல்.

மருத்துவர் யூத்தா கதவிலேயே மறித்தாள்:
"உள்ளே வேண்டாம். மற்ற நாய்கள் இருக்கின்றன."
வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து
மழையில் நான் குடை பிடிக்க
ஒவ்வொன்றின் தொண்டையையும்
பழம் பார்ப்பதுபோல் லேசாக அமுக்கினாள்.
வரிசையாக மூன்றும் பதில் சொல்லின.
"கொட்டில் இருமல்."
எங்கள் வீட்டில் ஏது கொட்டில்?
எல்லாம் கட்டிலில்தான் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"கழுத்துப்பட்டையைக் கழற்று. மார்புவார் போடு.
கிழநாயைத் தனியே வை."

கிழநாய் மூரி. பதினான்கு வயது,
இதயம் ஏற்கெனவே ஓட்டை ரேடியோ.
அதைத் தூக்கிக்கொண்டு ஹில்வே மாடிக்குப் போனாள்,
தலையணை, மாத்திரை டப்பா,
பாதி பின்னிய காலுறையுடன்.
கீழே நானும் மூன்று இருமலும்
பெயர் வைக்காத அந்தப் புதியவனும்.

அவன்தான் கொண்டுவந்தவன்.
காப்பகத்தில் நாற்பத்தொன்றாம் எண்.
ஒருமுறைகூட இருமவில்லை.
வயிறார உண்டு
சூளையடியில் மல்லாந்து தூங்கினான்.
அவனை ஹில்வேயிடம் கேட்காமல்
கூட்டிவந்தவன் நான்.
அதை அவள் சொல்லவே இல்லை.
சொல்லியிருக்கலாம்.

பக்கத்துவீட்டு ஐவரிடம் வேலியருகே போய்ச் சொன்னேன்.
பைப்பைக் கையிலெடுத்து, யோசித்து,
"சரி" என்றான். அவ்வளவுதான்.
இரண்டு வாரம் அவன் நாயை வெளியே காணவில்லை,
என் வணக்கத்துக்கும் பதிலில்லை.

மாலைகளில் சவுனாவை மந்தமாகச் சூடாக்கி
கல்லில் நீர் தெளிப்பேன்.
ஆவிக்குள் கீழ்ப்பலகை ஓரம்
தேவாலயத்துக்குத் தாமதமாய் வந்தவர்கள்போல
மூன்றும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்.
பிறகு ஆளுக்கொரு கரண்டி தேன்.
கிண்ணங்களைக் கொதிநீரில் போடு,
கைகழுவு, சட்டை மாற்று,
படிக்கட்டில் சூப்பை வைத்துவிட்டுப் பின்வாங்கு.
திருமணமான பத்தொன்பதாம் ஆண்டில்
நானும் மனைவியும்
பதினோரு படி இடைவெளியில் பேசினோம்.
"மூரி?"
"தூங்குகிறது."
"இருமியதா?"
"இல்லை."
அந்த "இல்லை"யை நம்பாமல்
இரவெல்லாம் கூரையைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.
கீழே இருமல் ஒன்று விடாமல் எண்ணிக்கையில் இருந்தது.
மேலே இருந்த அமைதியை
எப்படி எண்ணுவது?

பத்தாம் நாள் மேலிருந்து குரல் வந்தது:
"அவனுக்கு ஹானி என்று வைப்போம்."
எங்கள் மொழியில் அது காட்டுவாத்து.
எல்லோரையும் வாத்தாக்கியவனுக்கு
வேறென்ன பெயர்?
நான் கீழே சிரித்தேன்.
அவள் மேலே சிரித்தது
கொஞ்சம் கழித்துக் கேட்டது.

பதினாறாம் இரவு
நெஞ்சு பதறி எழுந்தேன்.
லொட்டே. மறுபடியும்.
விளக்குப் போடாமல் ஜாடியைத் தடவி
கரண்டியை முக்கி எடுத்து ஓடினேன்.
மூன்றும் புதியவன்மேல் குவியலாய்த் தூங்கின.
யாரும் இருமவில்லை.
சத்தம் வெளியே, உயரே:
கடலைப் பார்த்துப் போகும் ஒரு நீண்ட கோடு,
தொண்டை தொண்டையாக,
ஒன்றுக்கொன்று பதில் சொல்லியபடி.

வாசலில் வெறுங்காலோடு நின்றேன்.
தேன் கரண்டி ஓரமாய் இறங்கி
மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.
மாடி ஜன்னலில் ஹில்வே.
"யாருக்கு அது?" என்றாள்.

நானே நக்கிக்கொண்டேன்.